வலி மாத்திரையை எத்தனை நாள் போடலாம்?

முடக்குவாதம், சரவாங்கி என்று நம் வீடுகளில் சொல்லப்படும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தினமும் போடும் வலி மாத்திரையைப் பற்றியே கேட்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, விரிவாகச் சொல்ல வேண்டியவற்றுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: வயது 46. மூன்று வருடமாக முடக்குவாதம். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் 15 மி.கி., தினம் இருவேளை அசெக்ளோஃபெனாக் 100 மி.கி. என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வார மாத்திரை போட்ட மறுநாள் முழுக்கக் குமட்டல். முடியும் கொட்டியது. வலி குறைந்ததாகவும் தெரியவில்லை. அதனால் ஒன்றரை வருடமாக அதை விட்டுவிட்டு அசெக்ளோஃபெனாக் மட்டும் போடுகிறேன். சமையல், வேலை எல்லாம் ஓடுகிறது. இப்படியே தொடரலாமா?
வாசகி, வில்லிவாக்கம்

பதில்: வேண்டாம். இரண்டில் நிறுத்தியிருக்கவே கூடாத மாத்திரையை நிறுத்தியிருக்கிறீர்கள்.

இந்த நோயில் நம் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடித்து, வீங்கி, பக்கத்தில் இருக்கும் குருத்தெலும்பையும் எலும்பின் ஓரத்தையும் மெல்ல அரிக்கிறது. அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென், எடோரிகாக்சிப் எல்லாமே காக்ஸ் என்ற ஒரு நொதியைத் தடுக்கும் மாத்திரைகள். அந்த நொதி உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் குறைந்தால் வலியும் காலை இறுக்கமும் சில மணி நேரத்தில் தணியும். சவ்வைத் தாக்கும் எதிர்ப்பு அணுக்களின் வேலை மட்டும் நிற்காது. அதனால் கை வலிக்காமலேயே எலும்பு அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கலாம். மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள்தான் அந்தத் தாக்குதலைக் கட்டுப்படுத்துகின்றன. அழற்சியின் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இஎஸ்ஆர், சிஆர்பி இரண்டையும் இப்போது எடுத்துப் பாருங்கள். வலி மாத்திரை மட்டும் போடுபவர்களுக்கு வலி குறைந்திருக்கும், இந்த எண்கள் பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும். இரண்டு கைகளுக்கும் இரண்டு பாதங்களுக்கும் எக்ஸ்ரே எடுத்து, மூன்று வருடத்துக்கு முந்தைய படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டால் எந்த மாத்திரையாலும் அவற்றை நேராக்க முடியாது.

'வலி குறைந்ததாகத் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்யத் தொடங்கவே 6 முதல் 12 வாரம் ஆகும். அந்த இடைவெளியைத் தாண்டத்தான் கூடவே வலி மாத்திரை கொடுக்கிறார்கள். இதை முதல் நாளே விளக்கிச் சொல்லாததால் எத்தனையோ பேர் உங்களைப் போலவே செய்கிறார்கள். வலி நிவாரணியைக் குறை சொல்லவில்லை, அதற்கு ஒரு வேலை உண்டு. ஆனால் அது இடைக்கால வேலை.

குமட்டலுக்கு வழி இருக்கிறது. மாத்திரையை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டலின் பெரும்பகுதி தூக்கத்தில் போய்விடும். 15 மி.கி.யை அதே நாளில் 12 மணி நேர இடைவெளியில் இரண்டாகப் பிரித்துக்கொள்ள டாக்டர் அனுமதிப்பார். அப்படியும் தாங்கவில்லை என்றால், இன்சுலின் போல் தோலுக்கடியில் போடும் ஊசியாக அதே மருந்து கிடைக்கிறது, வயிற்றுத் தொல்லை குறையும். ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. வாரம் ஒருமுறை, மெத்தோட்ரெக்ஸேட் போடாத வேறொரு நாளில் எடுக்க வேண்டும். குமட்டலும் வாய்ப்புண்ணும் குறைய இது அவசியம். முடி கொட்டுவது பெரும்பாலும் மெலிதாகவே இருக்கும், மருந்தின் அளவை மாற்றினால் திரும்ப வளரும். எதுவும் ஒத்துவராவிட்டால் லெஃப்லுனமைடு, சல்ஃபசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்று வேறு மருந்துகள் உண்டு.

ஒன்றரை வருட இடைவெளிக்குப் பிறகு பழைய சீட்டைக் காட்டி வாங்கி நீங்களாகவே 15 மி.கி.யில் தொடங்காதீர்கள். முதலில் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். தொடங்கிய முதல் மூன்று மாதம் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 2 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை இதே பரிசோதனைகள். இன்னொன்றை அழுத்தமாகச் சொல்கிறோம். இது வாரம் ஒரே ஒரு நாள் போடும் மாத்திரை. தினமும் போட்டுவிட்டு எலும்பு மஜ்ஜை செயலிழந்து உயிரை இழந்தவர்கள் உண்டு. கிழமையை அட்டையின் மேலேயே பேனாவால் பெரிதாக எழுதி வையுங்கள். தினமும் போடும் மாத்திரைகள் இருக்கும் டப்பாவில் இதை வைக்காதீர்கள்.

வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் இருக்கும். வலி மாத்திரை போடும் ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு கோடு போடுங்கள். தாளைக் கிழித்ததும் கோடுகளை ஒரு நோட்டில் கூட்டி வையுங்கள். முதல் மாதம் 60 வரலாம். முக்கிய மருந்து பலித்தால் மூன்றாம் மாதத்தில் இருபதுக்குக் கீழே வர வேண்டும், ஆறாம் மாதத்தில் கைவிரல் விட்டு எண்ணும்படி ஆக வேண்டும். மூன்று மாதம் ஆகியும் 60 அப்படியே நிற்கிறது என்றால் முக்கிய மருந்தின் அளவு போதவில்லை, அல்லது அந்த மருந்தே போதவில்லை. அந்த நோட்டோடு டாக்டரிடம் போங்கள். வலி மாத்திரையை இன்னும் பலமானதாக மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. ஆறு வருடமாக டைக்ளோஃபெனாக் 50 மி.கி. இருவேளை. எப்போதும் சாப்பிட்ட பிறகுதான் போடுவார், கூடவே கேஸ் மாத்திரையும். ஒரு நாள்கூட வயிறு வலித்ததில்லை. இப்போது இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஹீமோகுளோபின் 7.8. எண்டோஸ்கோப்பி பார்க்கச் சொல்கிறார்கள். வயிறு வலிக்காதவருக்கு எதற்கு எண்டோஸ்கோப்பி?
வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தள்ளிப்போடாமல் பாருங்கள். வயதானவர்களுக்கு இந்த மாத்திரைகளால் வரும் வயிற்றுப் புண்ணில் பெரும்பாலும் வலியே இருக்காது. அந்த மாத்திரையே வலியை மறைத்துவிடுகிறது. முதல் அறிகுறியே ரத்தக் கசிவாக இருக்கலாம். தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால் மலத்தின் நிறம்கூட மாறாது, சோகை மட்டும் வரும்.

சாப்பிட்ட பிறகு போட்டால் வயிறு கெடாது என்ற நம்பிக்கை ஏன் தவறு என்பதைச் சொல்ல வேண்டும். வயிற்றின் உள்சுவரைக் காக்கும் சளிப்படலம், அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட், அங்கே ஓடும் ரத்தம் ஆகிய மூன்றும் புரோஸ்டாகிளாண்டினை நம்பி இருக்கின்றன. ஆஸ்பிரின் வகை மருந்துகள் அதன் உற்பத்தியைத் தடுத்துத்தான் வேலை செய்கின்றன என்பதை 1971-ல் லண்டனில் ஜான் வேன் கண்டுபிடித்தார். 1982-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். மாத்திரை ரத்தத்தில் கலந்து, ரத்தம் வழியாக வயிற்றுக்குத் திரும்பி வந்து அந்தப் பாதுகாப்பை எடுத்துவிடுகிறது. அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் எரிச்சல் குறையும், புண் வரும் அபாயம் போகாது. குடலில் கரையும் உறை போட்ட மாத்திரைக்கும், இடுப்பில் போடும் ஊசிக்கும் இதே கதைதான்.

'கேஸ் மாத்திரை' என்று எதைச் சொல்கிறீர்கள் என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பேன்டோபிரசோல் 40 மி.கி. அல்லது ஒமிபிரசோல் 20 மி.கி. என்றால் சரியான மாத்திரை. அதைக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். இட்லி சாப்பிட்டுவிட்டு வலி மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் அதன் பலன் குறைந்துவிடும். பாட்டிலில் வரும் ஆன்டாசிட் திரவம் எரிச்சலை அடக்கும், புண்ணைத் தடுக்காது. இன்னொன்று, பேன்டோபிரசோல் காப்பது வயிற்றையும் முன்சிறுகுடலையும்தான். அதற்குக் கீழே சிறுகுடலில் வலி மாத்திரை உண்டாக்கும் புண்ணை அது தடுப்பதில்லை. எண்டோஸ்கோப்பியில் வயிறு சுத்தமாகத் தெரிந்தாலும் கசிவு வேறிடத்தில் இருக்கலாம் என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

சோகைக்கு முடக்குவாதமே ஒரு காரணமாகலாம். நீண்ட நாள் அழற்சியில் ஹீமோகுளோபின் பொதுவாக 10, 11 என்று நிற்கும். 7.8 வரை இறங்கினால் கசிவைத் தேடியே ஆக வேண்டும். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்து 'நார்மல், இரும்புச்சத்து போதும்' என்று யாராவது சொன்னால் அதோடு விடாதீர்கள். அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே உயரும், உள்ளே இருக்கும் இரும்புப் பற்றாக்குறையை மறைத்துவிடும். எண்டோஸ்கோப்பி பார்க்கும்போதே ஹெச். பைலோரி கிருமிக்கும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அது இருந்தால் புண் வரும் வாய்ப்பு கூடும், இரண்டு வார மருந்தில் அதை ஒழித்துவிடலாம்.

இன்றே டைக்ளோஃபெனாக்கை நிறுத்துங்கள். பரிசோதனை முடியும்வரை வலிக்கு பாராசிட்டமால் 650 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, நாளைக்கு நாலுக்கு மேல் போகாமல் கொடுக்கலாம். ஆனால் அவர் ஸ்டீராய்டும் போடுகிறார் என்றால் அதைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். மலம் தார் போலக் கறுத்து ஒட்டினால், காப்பித்தூள் கரைசல் போல வாந்தி வந்தால், எழுந்து நின்றதும் தலை சுற்றி விழப் பார்த்தால், நேரம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இரும்பு மாத்திரை போட்டாலும் மலம் கறுக்கும், ஆனால் அது தார் போலப் பிசுபிசுப்பாக, தனி நாற்றத்தோடு இருக்காது.

65 வயதைத் தாண்டியவர்கள், முன்பு அல்சர் வந்தவர்கள், ஸ்டீராய்டு போடுபவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போடுபவர்கள் ஆகியோருக்கு வயிற்றுப் பாதுகாப்பு மாத்திரை இல்லாமல் வலி மாத்திரையே தரக்கூடாது.

கேள்வி: வயது 62. பிரஷருக்கு டெல்மிசார்டன் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேர்ந்த மாத்திரை. முடக்குவாதத்துக்கு வாரம் 15 மி.கி. மெத்தோட்ரெக்ஸேட். மூட்டு வலி அதிகமானதால் மூன்று மாதமாக எடோரிகாக்சிப் 90 மி.கி.யை மெடிக்கல் ஷாப்பில் வாங்கித் தினம் போடுகிறேன். 130/80 ஆக இருந்த பிரஷர் இப்போது 160/94. கால் வீங்குகிறது. கிரியேட்டினின் 1.0 ஆக இருந்தது, 1.6 ஆகிவிட்டது. 'வயிற்றைக் கெடுக்காத மாத்திரை' என்றுதானே சொன்னார்கள்?
வாசகர், தாம்பரம்

பதில்: வயிற்றைப் பொறுத்தவரை சொன்னது ஓரளவு சரி. எடோரிகாக்சிப், காக்ஸ்-2 என்ற ஒரு வகை காக்ஸ் நொதியை மட்டும் குறிவைப்பதால் வயிற்றுப் புண் குறைவு. சிறுநீரகத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

உங்கள் நிலை இப்படித்தான் உண்டாகியிருக்கிறது. சிறுநீரக வடிகட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயைத் திறந்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின். வலி மாத்திரை அதைத் தடுக்கிறது, குழாய் சுருங்குகிறது. ரத்தம் வெளியே போகும் குழாயை டெல்மிசார்டன் தளர்த்துகிறது. தயசைடு உடம்பின் நீரையும் உப்பையும் குறைக்கிறது. மூன்றும் சேரும்போது வடிகட்டியில் அழுத்தமே இல்லாமல் போகிறது. ஒவ்வொரு மாத்திரையும் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல மாத்திரைதான். சேர்க்கைதான் ஆபத்து. நம் ஊரில் பிரஷர் மாத்திரை ஒரு இடத்தில் வருகிறது, சிலருக்கு மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டுக்கே வருகிறது. மூட்டு மருந்து இன்னொரு டாக்டரிடம், வலி மாத்திரை முனைக்கடையில். மூன்றையும் சேர்த்து ஒரே தாளில் பார்க்க ஆளில்லை. அந்தத் தாளை நீங்கள்தான் எழுதிக் கையில் வைத்திருக்க வேண்டும்.

உங்கள் வயதுக்கு கிரியேட்டினின் 1.0 என்றால் வடிகட்டும் திறன் 85 அளவில் இருக்கும். 1.6 என்றால் 50-க்குக் கீழே. ரிப்போர்ட்டில் இந்தத் திறனைக் காட்டும் 'ஈஜிஎஃப்ஆர்' என்ற வரியைப் பாருங்கள். 60-க்குக் கீழே இருந்தால் இந்த வகை மாத்திரைகளை முடிந்தவரை தவிர்க்க வேண்டும், 30-க்குக் கீழே தொடவே கூடாது.

எடோரிகாக்சிப்பை இன்றோடு நிறுத்துங்கள். முடக்குவாதத்துக்கு அதன் தொடக்க அளவே தினம் 60 மி.கி. பிரஷர் 140/90-க்கு மேல் கட்டுப்படாமல் இருப்பவர்கள் அதை எந்த அளவிலும் போடக்கூடாது. உப்பையும் நீரையும் உடம்பில் தேக்குவதால்தான் கால் வீங்குகிறது, பிரஷர் மாத்திரையும் வேலை செய்யாமல் போகிறது. இப்போது பிரஷருக்கு இன்னொரு மாத்திரை சேர்த்துக்கொண்டு வலி மாத்திரையைத் தொடர்வது தவறான வழி.

இதைவிட அவசரமானது இன்னொன்று இருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் மந்தமானால் அது உடம்பிலேயே தேங்கும். இந்த வார மாத்திரையைப் போடுவதற்கு முன் டாக்டரைக் கூப்பிட்டு கிரியேட்டினின் எண்ணைச் சொல்லுங்கள். வாய்ப்புண், காய்ச்சல், தோலில் ரத்தத் திட்டு ஏதாவது இருந்தால் அன்றே ரத்த அணுக்கள் பார்க்க வேண்டும். கூடவே பொட்டாசியமும். சிறுநீர்த் தொற்றுக்கு யாராவது கோட்ரைமாக்சசோல் எழுதினால் மெத்தோட்ரெக்ஸேட் போடுவதைச் சொல்லி மறுத்துவிடுங்கள். அந்த இரண்டும் சேரவே கூடாது.

வலி மாத்திரையை நிறுத்திய ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினின் பெரும்பாலும் இறங்கும். மறுபரிசோதனை செய்யாமல் இருந்துவிடாதீர்கள். வலி அதிகமானதுதான் இதற்கெல்லாம் தொடக்கம். அதற்குப் பதில் முக்கிய மருந்தை மாற்றியமைப்பதில் இருக்கிறது. சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் முடக்குவாதம் போன்ற மூட்டு அழற்சி நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜிக்கென்றே தனித் துறை இருக்கிறது. எலும்பு டாக்டரிடம் போவதும் ருமட்டாலஜி டாக்டரிடம் போவதும் ஒன்றல்ல.

வலி மாத்திரையோடு இத்தகைய பிரஷர் மாத்திரையும் போடும் மற்ற வாசகர்களுக்கும் ஒன்று. கத்திரி வெயிலில் வியர்த்து ஊற்றும்போது, வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து தண்ணீர் உள்ளே தங்காதபோது, அந்த நாட்களில் வலி மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். பிரஷர் மாத்திரையைப் பற்றி அன்றே டாக்டரிடம் கேளுங்கள். டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டுக் கழுகுகளே சாட்சி. அந்த மருந்து போட்ட மாடுகளின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தருவது தடை செய்யப்பட்டது. மனிதச் சிறுநீரகம் அவ்வளவு மென்மையானதல்ல, ஆனால் தண்ணீர் வற்றிய உடம்பில் அதுவும் தாங்காது.

கேள்வி: இரண்டு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின் 75 போடுகிறேன். மூட்டு வலிக்கு எந்த மாத்திரை பாதுகாப்பு?
வாசகர், பெரம்பூர்

பதில்: முழுப் பாதுகாப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ரோஃபெகாக்சிப் என்ற மாத்திரை மாரடைப்பைக் கூட்டுகிறது என்று தெரிந்து 2004 செப்டம்பரில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகு பார்த்ததில் இந்த வகை மாத்திரைகள் எல்லாமே கூடவோ குறையவோ அந்த அபாயத்தைத் தருகின்றன என்று தெரிந்தது. டைக்ளோஃபெனாக்கும் எடோரிகாக்சிப்பும் உங்களுக்குக் கூடாது. அசெக்ளோஃபெனாக் டைக்ளோஃபெனாக்கின் உறவுதான், அதுவும் வேண்டாம். இதயத்தைப் பொறுத்தவரை நாப்ராக்சென் இருப்பதில் தேவலை, ஆனால் ஆஸ்பிரினோடு சேரும்போது வயிற்றில் ரத்தக் கசிவு கூடும். இதய டாக்டர் ஒப்புக்கொண்டால், பேன்டோபிரசோலோடு, சில நாட்களுக்கு மட்டும்.

ஐபுபுரொஃபென் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆஸ்பிரின் போய் ஒட்ட வேண்டிய இடத்தில் ஐபுபுரொஃபென் முதலில் உட்கார்ந்துகொண்டால் ஆஸ்பிரின் வீணாகிவிடும். எப்போதாவது ஒன்று போட நேர்ந்தால், ஆஸ்பிரின் போட்டு அரை மணி நேரமாவது கழித்துப் போடுங்கள். ஐபுபுரொஃபெனை முதலில் போட்டுவிட்டால் 8 மணி நேரம் கழித்துத்தான் ஆஸ்பிரின். குளோபிடோக்ரெலும் போடுபவர்கள் வயிற்றுக்கு ஒமிபிரசோல் எடுக்காதீர்கள், அது குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும். பேன்டோபிரசோல் எடுங்கள்.

கேள்வி: காலையில் ஜீரோடால்-பி, மதியம் காம்பிஃப்ளாம், இரவு வோவிரான். மாற்றி மாற்றிப் போட்டால் ஒரே மாத்திரை உடம்பில் சேராது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். சரியா?
வாசகி, வியாசர்பாடி

பதில்: பெயர்தான் மாறுகிறது. ஜீரோடால்-பியில் அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும், காம்பிஃப்ளாமில் ஐபுபுரொஃபெனும் பாராசிட்டமாலும், வோவிரானில் டைக்ளோஃபெனாக்கும் இருக்கின்றன. ஒரே நாளில் ஒரே வகையைச் சேர்ந்த மூன்று மருந்துகள். வலி அதற்கேற்பக் குறையாது. வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் சேதம் மட்டும் கூடும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வலி மாத்திரை, அதன் முழு அளவுக்குள். அசெக்ளோஃபெனாக் என்றால் நாளுக்கு 200 மி.கி., டைக்ளோஃபெனாக் என்றால் 150 மி.கி. உச்ச வரம்பு. இரண்டு வாரம் முழு அளவில் போட்டும் கேட்கவில்லை என்றால் அதை நிறுத்திய பிறகே வேறொன்று. அட்டையின் பின்பக்கத்தில் சிறு எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படிக்கப் பழகுங்கள். கண் தெரியவில்லை என்றால் பள்ளிக்கூடப் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐப்பசி மழைக் காலத்தில் காய்ச்சல் வந்தால் வழக்கமான வலி மாத்திரையைத் தொடரலாமா?
வாசகர், வேளச்சேரி

பதில்: கூடாது. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை நிறுத்தி வையுங்கள். டெங்குவில் தட்டணுக்கள் குறையும், இந்த மாத்திரைகளோ இருக்கும் தட்டணுக்களையும் ஒட்ட விடாது. ரத்தக்கசிவு ஆபத்து இன்னும் கூடும். காய்ச்சலுக்கும் மூட்டு வலிக்கும் சேர்த்து பாராசிட்டமால் மட்டும். அந்த வார மெத்தோட்ரெக்ஸேட்டையும் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

கூடவே ஒரு குறிப்பு. 2006-ல் தமிழகத்தில் சிக்குன்குனியா பரவியபோது பலருக்கு மாதக்கணக்கில் மூட்டு வீக்கம் நீடித்தது. காய்ச்சலுக்குப் பின் வரும் மூட்டு வலி எல்லாம் முடக்குவாதம் அல்ல. ருமட்டாய்டு ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனையை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல், முடக்குவாதத்தை உறுதிப்படுத்த உதவும் ஆன்டி-சிசிபி பரிசோதனையும் செய்ய வேண்டும்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் கொடுத்த பொட்டலப் பொடியில் ஒரே வாரத்தில் அம்மாவின் எல்லா மூட்டு வலியும் போய்விட்டது. இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறார். முகம் உப்பியிருக்கிறது, சர்க்கரை ஏறியிருக்கிறது. என்ன செய்வது? முடக்கத்தான் கீரை தோசை கொடுக்கலாமா?
வாசகி, அம்பத்தூர்

பதில்: பெயரும் தயாரிப்பு விவரமும் இல்லாத பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் எல்லா மூட்டும் சரியானதே அதற்கு அறிகுறி. பயந்துபோய் அதை உடனே நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மாதம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்தியிருக்கும். திடீரென்று விட்டால் மயக்கம், வாந்தி, பிரஷர் இறக்கம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தோடு இன்று அல்லது நாளைக்குள் டாக்டரிடம் போங்கள். அளவு தெரிந்த பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைக்கு மாற்றி, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். முடக்கத்தான் கீரை தோசை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சாப்பிடட்டும், உணவாக. மருந்துக்குப் பதிலாக அல்ல.

கேள்வி: வயது 29, குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். முடக்குவாதத்துக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயினும் தினம் நாப்ராக்செனும் போடுகிறேன். தொடரலாமா?
வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: ஹைட்ராக்சிகுளோரோகுயினைத் தொடரலாம், கர்ப்பத்திலும். நாப்ராக்சென் போன்றவை சிலருக்குக் கருமுட்டை வெடித்து வெளிவருவதைத் தாமதப்படுத்தும். கரு தங்குவது தள்ளிப்போகிறது என்றால் முதலில் இதை நிறுத்திப் பாருங்கள். கர்ப்பமான பிறகு 20-வது வாரத்திலிருந்து இவற்றைத் தவிர்க்க வேண்டும். குழந்தையின் சிறுநீரகம் பாதித்துப் பனிக்குட நீர் குறையும். 30-வது வாரத்துக்குப் பிறகு குழந்தையின் இதயத்துக்கு அருகே உள்ள ஒரு ரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளும் ஆபத்தும் சேர்கிறது. இடையில் யாராவது மெத்தோட்ரெக்ஸேட்டோ லெஃப்லுனமைடோ எழுதினால், குழந்தைக்கு முயல்வதை முதலில் சொல்லுங்கள். இரண்டும் கருவைச் சிதைக்கக்கூடியவை.

கேள்வி: மாத்திரைக்குப் பதில் ஜெல் தடவலாமா?
வாசகர், மடிப்பாக்கம்

பதில்: ஒன்றிரண்டு மூட்டில் மட்டும் வலி என்றால் நல்ல யோசனை. டைக்ளோஃபெனாக் 1 சதவீத ஜெல்லை ஒரு முழங்காலில் தடவினால், மாத்திரையில் ரத்தத்துக்குப் போவதில் சுமார் 6 சதவீதம்தான் போகும். முழங்காலுக்கு 4 கிராம், மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் 2 கிராம், நாளுக்கு நான்கு முறை. நம் ஆட்கள் பட்டாணி அளவு எடுத்துத் தடவிவிட்டுப் 'பலன் இல்லை' என்கிறார்கள். தடவிய இடத்தில் உடனே ஒத்தடம் கொடுக்காதீர்கள், கட்டும் கட்டாதீர்கள். இருபது மூட்டில் வீக்கம் இருப்பவருக்கு ஜெல் போதாது.

கேள்வி: வயது 38. சிஆர்பி நார்மல், நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். ஆனாலும் பயத்தில் இரவு ஒரு நாப்ராக்சென் 500 போட்டுவிட்டுத்தான் படுக்கிறேன். எப்படி நிறுத்துவது?
வாசகி, கொளத்தூர்

பதில்: ஸ்டீராய்டு போல இதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பயம் இருப்பதால் ஒரு வழி சொல்கிறோம். இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். போடாத இரவுக்கு மறுநாள் காலை, எழுந்ததிலிருந்து விரல் முழுசாக மடங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். 15 நிமிடத்துக்குள் இருந்தால் அதற்கடுத்த இரண்டு வாரம் தேவைப்பட்டால் மட்டும் போடுங்கள். அரை மணி நேரத்தைத் தாண்டினால், மூட்டில் வீக்கமும் தெரிந்தால், நோய் இன்னும் முழுதாக அடங்கவில்லை, முக்கிய மருந்தைப் பற்றிப் பேச வேண்டும்.

இறுக்கம் மட்டும் இருக்கும் காலைகளில் கை பொறுக்கும் வெந்நீரில் 10 நிமிடம் விரல்களை மடக்கி நீட்டிவிட்டு அடுப்படிக்குப் போங்கள். தண்ணீர்க் குடத்தைக் கழுத்தில் விரல் மாட்டித் தூக்காமல், அடியில் இரண்டு உள்ளங்கையும் கொடுத்துத் தூக்குங்கள், அல்லது பாதி நிரப்புங்கள். துணியை முறுக்கிப் பிழிவதை வேறொருவர் செய்யட்டும். சிஆர்பி நார்மலாக இருந்தும் வலி தொடர்ந்தால் அது தேய்மான வலியாகவோ, முன்பே அரித்த மூட்டின் வலியாகவோ, தூக்கமின்மையோடு சேர்ந்த தசை வலியாகவோ இருக்கலாம். அவற்றுக்கு நாப்ராக்சென் சரியான மருந்து அல்ல.

நாப்ராக்சென் முழுதாக நின்ற பிறகு, அதற்காக மட்டும் போட்டுவந்த பேன்டோபிரசோலையும் டாக்டரிடம் கேட்டு நிறுத்திவிடலாம். நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரம் நெஞ்செரிச்சல் கூடும். அமிலம் தற்காலிகமாக அதிகம் சுரப்பதால் வருவது அது. அல்சர் வந்துவிட்டதென்று நினைத்து மறுபடி தொடங்காமல், அந்த நாட்களை மட்டும் ஆன்டாசிட் திரவத்தோடு கடந்துவிடுங்கள்.